ஸ்டார் வார்ஸ் முன்கதை 1986-லேயே கார்ட்டூன் தொடராக வந்திருந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் வரையத் தெரிந்த சில நண்பர்களும் ஒரு கற்பனைத் தொடரைக் கொஞ்ச காலமாக உருட்டிக்கொண்டிருக்கிறோம். அனகின் ஸ்கைவாக்கர் டார்த் வேடராக மாறிய கதை 1999-இல் சினிமாவாக வரத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1986-இல், கையால் வரைந்த தொலைக்காட்சித் தொடராக வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் எங்கள் விளையாட்டு. படங்களையும் எபிசோட் சுருக்கங்களையும் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே.

இப்படி ஒரு தொடர் நிஜமாவே வந்துச்சா? நான் பார்த்ததே இல்லையே?

வரவில்லை. முழுக்கக் கற்பனை. படங்களில் ஓரம் மங்கி, நிறம் வெளிறி இருப்பதைப் பார்த்து "சின்ன வயசுல பார்த்த ஞாபகம் இருக்கு" என்று சொன்னவர்களும் உண்டு. அது எங்களுக்குக் கிடைத்த பாராட்டு, அவ்வளவுதான்.

ஸ்டார் வார்ஸ் நான் பார்த்ததில்ல. முன்கதைன்னா எது?

முதலில் வந்த மூன்று படங்கள் 1977, 1980, 1983-இல் வெளியாயின. லூக் ஸ்கைவாக்கர் என்ற பண்ணை வீட்டு இளைஞன், கறுப்புக் கவசமணிந்த டார்த் வேடரை எதிர்த்துப் போராடுகிறான். வேடர்தான் தன் அப்பா அனகின் என்று இரண்டாம் படத்தில் தெரிந்துகொள்கிறான். லேயா தன் இரட்டைச் சகோதரி என்பது மூன்றாவதில் தெரிகிறது.

அந்த அப்பா எப்படிக் கெட்டுப்போனார், ஜெடாய் என்ற வீரர் கூட்டம் எப்படி அழிந்தது, குடியரசு எப்படிப் பேரரசானது என்பதெல்லாம் முன்கதை. ஜார்ஜ் லூகாஸ் அதை 1999, 2002, 2005 என மூன்று படங்களாக எடுத்தார். நாங்கள் அந்த மூன்றும் வராத உலகத்தில் உட்கார்ந்து யோசிக்கிறோம்.

ஏன் குறிப்பா 1986? 90-கள்னு வெச்சுக்கலாமே?

1983-இல் மூன்றாம் படம் முடிந்ததும் ஸ்டார் வார்ஸுக்கு ஒரு வறட்சிக் காலம் வந்தது. புதுப் படம் இல்லை, பொம்மை விற்பனை சரிந்தது, ரசிகர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். 1991-இல் திமோதி ஸானின் நாவல் வந்து சூடுபிடிக்கும்வரை அந்தப் பக்கம் பெரும்பாலும் அமைதிதான். அந்த இடைவெளியில் ஒரு தொடர் நுழைந்திருக்கலாம்.

இன்னொரு காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. செல் எனப்படும் செல்லுலாய்டுத் தாளில் வரைந்து, பின்பக்கம் வர்ணம் பூசி, கேமராவுக்கு அடியில் வைத்து ஒவ்வொரு பிரேமாகப் படமெடுக்கும் முறை ஜப்பானில் உச்சத்தைத் தொட்ட காலம் அது.

அந்தக் காலத்துல ஸ்டார் வார்ஸ் கார்ட்டூனே கிடையாதா?

இருந்தது. 1978 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விடுமுறை சிறப்பு நிகழ்ச்சி வந்தது. நிகழ்ச்சி மகா மோசம், ஆனால் நடுவில் டொரண்டோவின் நெல்வானா ஸ்டூடியோ செய்த பத்து நிமிடக் கார்ட்டூன் ஒன்று உண்டு. கூலிக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட் முதன்முதலில் திரையில் தலைகாட்டியது அதில்தான். வளைந்து நெளியும் கோடுகள், விநோதமான முகங்கள், இன்றைக்கும் பார்க்கலாம்.

1985-இல் அதே நெல்வானா ஏபிசி சேனலுக்காக டிராய்ட்ஸ், ஈவாக்ஸ் என்று இரண்டு தொடர்கள் செய்தது. டிராய்ட்ஸில் இரண்டு ரோபோக்களும் முதல் படத்துக்கு முந்தைய காலத்தில் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. சி-3பிஓவுக்கு சினிமாவில் குரல் கொடுத்த ஆண்டனி டேனியல்ஸே இதிலும் பேசினார். 13 எபிசோட், 1986-இல் ஒரு சிறப்புப் படம், அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள். காலக்கணக்குப்படி இது முன்கதைதான், ஆனால் அனகினும் இல்லை, அவருக்குப் பயிற்சி தந்த ஜெடாய் ஒபி-வானும் இல்லை, ஜெடாய் வீழ்ச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. சனிக்கிழமை காலை சிறுவர்களுக்கு வேறென்ன காட்டுவார்கள்?

2003-ல கார்ட்டூன் நெட்வொர்க்ல குளோன் வார்ஸ் வந்துச்சே. நீங்க சொல்றது அதுதானே?

ஜெண்டி டார்டகோவ்ஸ்கி செய்த அந்தத் தொடரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுபவன் நான். மொத்தம் 25 பகுதிகள். முதல் 20-உம் மூன்று நிமிடத் துண்டுகள், வசனம் மிகக் குறைவு, கோடுகளே பேசும். 2008-இல் டேவ் ஃபிலோனி தலைமையில் தொடங்கிய கணினி அனிமேஷன் தொடர் வேறு. அது நடுவில் நிறுத்தப்பட்டு, கடைசியில் 2020-இல்தான் முடிந்தது.

ஆனால் இரண்டும் 2002-ஆம் ஆண்டுப் படத்துக்குப் பின் வந்தவை. குளோன்கள் யார், அனகினின் மனைவி பத்மே யார், பேரரசராகப்போகும் பால்படீன் என்ன திட்டம் போடுகிறார் என்று எழுதியவர்களுக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். எங்கள் கற்பனைத் தொடரை எழுதுபவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. எங்களுக்குச் சுவாரசியமே அதில்தான்.

சரி, உங்க விதிமுறை என்ன? இஷ்டத்துக்குக் கதை விடுறீங்களா?

ஒரே விதி. 1983-இல் மூன்றாம் படம் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு ரசிகருக்கு என்ன தெரியுமோ, அது மட்டும்தான் எங்களுக்கும் தெரியும். மூன்று படங்களில் வாயால் சொல்லப்பட்டவை முதல் ஆதாரம். அந்தப் படங்களின் நாவல் வடிவங்களை இரண்டாவதாக வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பின் வந்த எதையும் தொடமாட்டோம்.

சொல்ல எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். ஜெடாய்களுக்கு வலு தரும் ஃபோர்ஸ் என்ற சக்தியோடு தொடர்புடைய மிடிகுளோரியன் நுண்ணுயிர் கிடையாது, அது 1999. ஜெடாய்களின் எதிரிகளான சித்கள் எப்போதும் இருவர் மட்டுமே என்ற சட்டமும் அப்போது வந்ததுதான். குடியரசின் தலைநகருக்கு கோரஸன்ட் என்று பெயர் வைத்தது ஸானின் 1991 நாவல், அதனால் எங்கள் கதையில் அது வெறும் "தலைநகர்". எழுதுகிற நண்பர் மாதத்துக்கு ஒரு முறையாவது கோரஸன்ட் என்று எழுதிவிடுவார், நான் அடிப்பேன்.

அனகினை ஏன் இவ்வளவு பெரிய ஆளா வரைஞ்சிருக்கீங்க? அவன் சின்னப் பையன்தானே?

ஒன்பது வயது அனகின் 1999-இல் பிறந்தவன். 1983 படத்தில் ஒபி-வானின் ஆவி லூக்கிடம் சொல்வது வேறு: நான் உன் அப்பாவை முதலில் சந்தித்தபோதே அவர் பெரிய விமானி, ஃபோர்ஸ் அவரிடம் அவ்வளவு வலுவாக இருந்ததைப் பார்த்து வியந்தேன், நானே பயிற்சி தந்தேன். ஏற்கெனவே பெரிய விமானி என்றால் வளர்ந்த ஆள். முதல் படத்தில் லூக்கை வளர்த்த ஓவனின் மனக்குறையும் இதோடு பொருந்துகிறது: அனகின் வீட்டோடு இருந்திருக்க வேண்டும், ஒபி-வான் பின்னால் போர் போர் என்று ஓடியிருக்கக் கூடாது.

இன்னும் ஒன்று பாருங்கள். வேடர் முகமூடியைக் கழற்றும் காட்சியில் நடித்த செபாஸ்டியன் ஷா 1905-இல் பிறந்தவர். ஒபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் 1914-இல். அன்றைக்குத் திரையில் இவர்களைப் பார்த்தவருக்கு இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களாகத்தான் பட்டிருப்பார்கள். குருவும் சிஷ்யனும் என்பதைவிட, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்த இரண்டு நண்பர்கள். எங்கள் தொடரில் அனகினுக்கு முப்பதை நெருங்கும் வயது, கன்னத்தில் வெயில் காய்ந்த கோடுகள், ஒபி-வானிடம் "போதும்யா" என்று சொல்லக்கூடிய உரிமை. அவர்கள் பிரிவது அப்போதுதான் வலிக்கும்.

குவை-கான் எங்கே? அவர் இல்லாம எப்படி?

மேலே சொன்ன விதிதான் காரணம்: ஒபி-வானின் குருவான குவை-கான் 1999 படத்தில் வந்தவர். 1980 படத்தில் யோடாவைத் தனக்குக் கற்பித்த குரு என்று ஒபி-வானே சொல்கிறார். நடுவில் இன்னொரு குருவுக்கு இடமில்லை. முன்கதைப் படங்களில் வந்த டார்த் மால், கவுண்ட் டூக்கூ, கோமாளி ஜார் ஜார் எல்லோருக்கும் இதே பதில். ஜார் ஜார் இல்லை என்றதும் சந்தோஷப்படுபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1986 தொடர் என்றால் சிறுவர்களைச் சிரிக்க வைக்க ஒரு கோமாளி கட்டாயம் இருந்திருப்பான். நாங்களும் ஒருவனை வைத்திருக்கிறோம். வேண்டுமென்றேதான் எரிச்சலூட்டுகிறான்.

இது எந்த நாட்டுத் தொடர்? அமெரிக்கக் கார்ட்டூனா, அனிமேயா?

இங்குதான் நண்பர்களுக்குள் அதிகம் சண்டை வந்தது. அமெரிக்க சனிக்கிழமை காலைத் தொடர் என்றால் சேனலின் தணிக்கைப் பிரிவு ஒவ்வொரு அடியையும் எண்ணும். மனிதர் சாகக் கூடாது. சுடப்பட்ட விமானத்திலிருந்து விமானி பாராசூட்டில் குதித்துவிட வேண்டும். அனகினின் கதையை அப்படிச் சொல்லவே முடியாது.

ஜப்பானில் அப்படியில்லை. 1979-இல் வந்த மொபைல் சூட் கண்டம், பொம்மை விற்பதற்காகத் தொடங்கிய ரோபோ தொடர்தான். ஆனால் அதில் போர் நிஜப் போர் மாதிரி இருந்தது, நல்லவர்கள் செத்தார்கள், எதிரிக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒளிவாள் போன்ற பீம் சேபரும் அதில் உண்டு. ஸ்டார் வார்ஸும் ஜப்பானும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்வது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முதல் படத்தை எழுதும்போது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 1958 படமான மறைந்த கோட்டை தன்மேல் செலுத்திய தாக்கத்தை லூகாஸே சொல்லியிருக்கிறார்.

ஆகவே எங்கள் தொடர் கூட்டுத் தயாரிப்பு: கதை அமெரிக்கா, கை ஜப்பான். அன்றைக்கு இது நடக்காத காரியமில்லை. பிரெஞ்சு டிஐசி நிறுவனமும் டோக்கியோ ஸ்டூடியோவும் சேர்ந்து 1981-இல் யுலிஸிஸ் 31 என்ற விண்வெளித் தொடரைக் கொண்டுவந்திருந்தன.

பழசு மாதிரி தெரியணும்னா ஒரு ஃபில்டர் போட்டா போதாதா? எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?

போதாது. பழைய வீடியோ கேசட் கோடுகளையும் மங்கலையும் போட்டுவிட்டால் பழைய டிவி மாதிரி தெரியும், பழைய தொடர் மாதிரி தெரியாது. பழைய தொடரின் முகம் வேறு எங்கிருந்தோ வருகிறது: பணம் இல்லாமை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எபிசோட் 22 நிமிடம், அதாவது 1,320 விநாடி. பிலிம் விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை மூன்று பிரேமுக்குப் பிடித்தாலும் விநாடிக்கு 8 படம், மொத்தம் 10,560. அன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மூவாயிரம், நாலாயிரம் படங்கள்தான். மிச்சத்தை எப்படி நிரப்புவது? உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். அசையாத ஓவியத்தின் மேல் கேமரா மெல்ல நகரும். விமானம் கிளம்பும் காட்சியை ஒரு முறை நன்றாக வரைந்து வாரா வாரம் போடுவார்கள். தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்த்தவர்களுக்கு அந்த ஒரே ஓட்டமும் ஒரே திரும்பலும் நினைவிருக்கும்.

இந்தத் தட்டுப்பாட்டிலிருந்துதான் அழகும் வந்தது. இயக்குநர் ஒஸாமு டெஸாகி உணர்ச்சி உச்சத்தில் சட்டென்று படத்தை நிறுத்தி, அந்தக் கணத்தைத் தடித்த கோடுகளோடு ஓவியமாக மாற்றிவிடுவார். கோபத்தில் அனகின் முதன்முறையாகக் கொல்லும் காட்சியை நாங்கள் அப்படித்தான் அமைத்திருக்கிறோம். வாள் இறங்குவதில்லை, முகம் மட்டும் ஓவியமாக உறைகிறது.

லைட்சேபர் சண்டை ஏன் இவ்வளவு கம்மி? அதுக்குத்தானே பார்க்கிறோம்?

செலவு! வெள்ளை வர்ணத்தைச் செல்லில் பூசினால் அது ஒளிராது, சுண்ணாம்புக் கோடு போலக் கிடக்கும். அதனால் அந்தக் காலத்தில் அடியிலிருந்து விளக்கு போட்டார்கள். முதலில் காட்சியைச் சாதாரணமாகப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, வாள் இருக்கும் இடம் மட்டும் ஓட்டையாக உள்ள கறுப்பு மறைப்பை வைத்து, கீழே வண்ணத் தாள் போட்டு, அதற்கும் அடியிலிருந்து பலத்த வெளிச்சம் பாய்ச்சி, அதே பிலிமில் இரண்டாம் முறை எடுப்பார்கள். லென்ஸுக்கு முன் ஒரு மங்கல் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் ஓரங்களில் கசிந்து பரவும். அந்தக் கசிவைக் கணினியில் கொண்டுவர எங்கள் ஓவியர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஓரம் ஒரே சீராக இருந்தால் பொய்யாகத் தெரிகிறது. பிரேமுக்குப் பிரேம் லேசாகத் துடித்தால்தான் கண் நம்புகிறது.

வாள் அசையும் ஒவ்வொரு படத்துக்கும் தனி மறைப்பு வெட்ட வேண்டும். இரண்டு பேர் மோதினால் வேலை இரட்டிப்பு. எனவே வாராவாரம் சண்டை கிடையாது. குரோசாவா படச் சாமுராய்கள் மாதிரி நெடுநேரம் நிற்பார்கள், ஒரே வெட்டு, முடிந்தது. கதைக்கும் அது பொருந்துகிறது.

சேபர் நிறமெல்லாம் நீலம், பச்சை, சிவப்புதானா? ஊதா?

1983 வரை திரையில் அந்த மூன்றுதான். ஊதா 2002-இல் சாமுவேல் ஜாக்சன் கேட்டு வாங்கியது. ஆனால் 1978-இல் கென்னர் விற்ற லூக் பொம்மையின் வாள் மஞ்சள் நிறம்! பொம்மைக்காரர் புண்ணியத்தில் ஒரு ஓரப் பாத்திரத்துக்கு மஞ்சள் வாள் கொடுத்துவிட்டோம்.

குளோன் போர்னா குளோன்கள் ஜெடாய் பக்கம்தானே? நீங்க தலைகீழா வெச்சிருக்கீங்க?

ஆமாம், தலைகீழ்தான். 1977 படத்தில் குளோன் போர்கள் என்ற பேச்சு போகிற போக்கில் வருகிறது. யார் யாரோடு மோதினார்கள் என்ற விளக்கமே இல்லை. எந்த ரசிகரும் முதலில் என்ன நினைப்பார்? குளோன்கள்தான் எதிரி என்று. 1991 நாவலிலும் அவை மிரட்டலாகவே பேசப்படுகின்றன. அவை குடியரசின் சொந்தப் படை என்ற திருப்பம் 2002-இல் வந்தது.

தயாரிப்புப் பக்கம் இது ஒரு வரம். ஒரு முகத்தை வரைந்து ஜெராக்ஸ் முறையில் செல்லில் அச்செடுத்தால் படையே தயார், அதுவும் கதைப்படி நியாயமாக. ஆனால் எதிரி மனிதனாகிவிட்டான். 1999 படத்தில் போர் ரோபோக்களை வைத்தது குழந்தைகள் முன்னால் எத்தனை வேண்டுமானாலும் வெட்டித் தள்ள வசதி. எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதை மறைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்தோம்: ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் கொல்லும் அனகினுக்கு ஒரு கட்டத்தில் உறைப்பது நின்றுவிடுகிறது. அவன் வழுக்குவது அங்கேதான் தொடங்குகிறது.

அப்போ ஆர்டர் 66 கிடையாதா? ஜெடாய் எல்லாரும் எப்படிச் சாவாங்க?

சொந்தப் படையே ஒரே கட்டளையில் திரும்பிச் சுடும் அந்தக் காட்சி 2005 படத்தின் ஆகச் சிறந்த பத்து நிமிடம். அதை இழப்பது வருத்தம்தான். ஆனால் முந்தைய பதிலை ஏற்றுக்கொண்டால் அது வர வழியில்லை.

1977-இல் ஒபி-வான் சொன்னதைக் கவனியுங்கள்: ஜெடாய்களைத் தேடிப் பிடித்து அழிக்கப் பேரரசுக்கு வேடர் உதவினார். தேடிப் பிடித்து என்றால் ஒரே ராத்திரியில் நடந்த காரியமில்லை. சினிமாவுக்கு இரண்டே கால் மணி நேரம்தான், அதனால் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தாக வேண்டும். தொடருக்கு வாரங்கள் கையிலிருக்கின்றன. நடுப்பகுதியில் பழகிய ஒவ்வொருவரும் பிற்பகுதியில் ஒவ்வொரு வாரமாகக் காணாமல் போகிறார்கள். ஆரம்பப் பாடலில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் ஒரு காட்சி வரும். யார் செத்தாலும் அடுத்த வாரம் அந்த இடம் காலியாக இருக்கும். விளக்கம் எதுவும் கிடையாது.

பத்மே இல்லைன்னா லூக்குக்கும் லேயாவுக்கும் அம்மா யாரு?

பத்மே என்ற பெயர் இல்லை, அம்மா உண்டு. 1983 படத்தில் லூக் கேட்கும்போது லேயா சொல்வதை மறுபடி கேளுங்கள். அம்மா தான் மிகச் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார், அழகாக இருந்தார், அன்பானவர், ஆனால் சோகமாக இருந்தார். அவளுக்கு அம்மாவின் முகம் நினைவிருக்கிறது. 2005 படத்தில் பிரசவத்திலேயே பத்மே இறந்துவிடுவதால் இந்த வசனம் இன்றுவரை இடிக்கிறது, ரசிகர்கள் என்னென்னவோ சமாதானம் சொல்கிறார்கள்.

எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. அம்மா பிழைக்கிறார். மகனைப் பாலைவனத்துக்குக் கொடுத்துவிட்டு, மகளோடு ஆல்டரான் கிரகத்தில் வேறு பெயரில் ஒளிந்து வாழ்கிறார். புருஷன் யாராகிவிட்டான் என்று தெரிந்து, யாரிடமும் சொல்ல முடியாமல். தொடரிலேயே கனமான பாத்திரம் அவர்தான். எங்கள் ஓவியர்களில் பாதிப் பேர் அவரை வரையத்தான் சண்டை போடுகிறார்கள்.

யோடா வாள் சுத்துவாரா மாட்டாரா? ஒரே ஒரு சீன்?

மாட்டார். போர் யாரையும் பெரியவராக்குவதில்லை என்று 1980-இல் லூக்கிடம் சொன்னவர் அவர். 2002-இல் அவர் துள்ளித் துள்ளிச் சண்டை போட்டபோது தியேட்டரே அதிர்ந்தது, நானும் கைதட்டினேன். ஆனால் 1980-இல் பார்த்த யோடாவுக்கு அந்தச் சண்டை ஒட்டவில்லை என்பது என் எண்ணம். எங்கள் தொடரில் எல்லோரும் போருக்குப் போகும்போது போகாமல் உட்கார்ந்திருக்கிறார், அதற்காகத் திட்டு வாங்குகிறார்.

பேரரசர்தான் வில்லன்னு முதல்லயே தெரிஞ்சிடாதா?

அவர் பேரரசராக முடிவார் என்று தெரியும், எப்படிப்பட்டவர் என்று தெரியாது. பால்படீன் என்ற பெயர் முதல் மூன்று படங்களில் ஒலிக்கவே இல்லை. 1976-இல் வந்த முதல் படத்தின் நாவலில், முன்னுரையில்தான் அந்தப் பெயர் இருக்கிறது. அதில் அவர் பதவி ஆசை பிடித்த செனட்டர். குடியரசின் பழைய பெருமையை மீட்பேன் என்று வாக்குறுதி தந்து தலைவராகி, பேரரசராகி, பிறகு தான் நியமித்த துதிபாடிகளின் பிடியிலேயே சிக்கிக்கொள்கிறார். 1983-இல் நாம் பார்த்ததோ விரலில் மின்னல் பாய்ச்சும் சூனியக்காரக் கிழவர்.

இரண்டுமே ஆதாரம்தான், இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாங்கள் அந்தப் பொருந்தாமையைப் பயன்படுத்திக்கொண்டோம். கிட்டத்தட்ட முப்பது எபிசோடுக்கு அவர் பாவப்பட்ட, ஆலோசகர்களிடம் மாட்டிக்கொண்ட அரசியல்வாதியாகவே தெரிவார். அனகினே அவருக்காகப் பரிதாபப்படுவான்.

அனகின்தான் வேடர்னு உலகத்துக்கே தெரியும். அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?

கர்ணன் சாவான் என்று தெரிந்தேதான் கர்ண மோட்சம் கூத்துக்கு ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரிந்த கதையில், இங்கே திரும்பியிருக்கலாமே, அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும். அதற்கு நேரம் வேண்டும். 2005 படத்தில் அனகின் சரிவது அவசரமாகப் பட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் நடிப்பைவிட நேரம்தான் என்பேன்.

மொத்தம் எத்தனை எபிசோட்?

52. வாரம் ஒன்று, ஒரு வருடம். ஆனால் கண்டமுக்கும் 52 என்றுதான் திட்டம் போட்டார்கள், பார்வையாளர் இல்லை என்று 43-இல் நிறுத்திவிட்டார்கள். பிறகுதான் மாடல் பொம்மைகள் விற்றுத் தள்ளி, மறுஒளிபரப்பில் அது பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பயத்தில் நாங்களும் 43-ஆவது எபிசோடில் கதை முடிந்துவிட்டதாக நினைக்கும்படி ஒரு இடம் வைத்திருக்கிறோம். இல்லாத தொடரை இல்லாத சேனல் நிறுத்திவிடுமோ என்று கவலைப்படுவது எங்களுக்கே சிரிப்பாக இருக்கிறது.

எரிமலைச் சண்டை 2005-ல வந்ததுதானே? உங்க விதிப்படி அது தப்பாச்சே?

நல்ல கிடுக்கி. ஆனால் மாட்டமாட்டோம். 1983 படத்தின் நாவல் வடிவத்தில், அனகின் கொதிக்கும் குழம்பில் விழுந்து எழுந்ததாக ஒபி-வான் சொல்லிவிடுகிறார். அதனால் எரிமலை எங்கள் ஆதாரத்துக்குள் வந்துவிடுகிறது. அதே நாவலில் ஓவன் ஒபி-வானின் சொந்தச் சகோதரன் என்றும் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு, அவரைத் தம்பியாக்கிவிட்டோம். தன் அண்ணன் செய்த பாவத்துக்காக அடுத்தவன் பிள்ளையை வளர்க்கும் ஆள் என்றதும், முதல் படத்தின் ஓவன் எனக்கு வேறு மனிதராகத் தெரிகிறார்.

கை கால் வெட்டுவதோ எரியும் உடம்போ மட்டும் காட்டமாட்டோம். மாலை நேர ஜப்பானியத் தொடருக்கும் ஒரு எல்லை உண்டு.

பாட்டு உண்டா?

உண்டு, அனிமே என்றால் தொடக்கப் பாட்டு இல்லாமலா? ஜான் வில்லியம்ஸ் இசைக்குழுவுக்கெல்லாம் காசு கிடையாது. டிராய்ட்ஸுக்கு தி போலீஸ் குழுவின் டிரம்மர் ஸ்டுவர்ட் கோப்லண்ட் போட்ட பாட்டு மாதிரி சிந்தஸைசர்தான்.

இதுமாதிரி வேற யாராவது செஞ்சிருக்காங்களா?

பால் ஜான்சன் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 2015-இல் ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றை யூடியூபில் போட்டார். பேரரசின் விமானிகளை 80-களின் அனிமே பாணியில் வார இறுதிகளில் உட்கார்ந்து நான்கு வருடமாகத் தனியாளாக வரைந்தது. விண்கலத்தின் உலோகத்தில் விழும் நிழலைப் பார்த்தாலே போதும். அது முன்கதை இல்லை, பாணிதான் எங்களுக்குப் பாடம்.

அதிகாரபூர்வமாக 2021-இல் விஷன்ஸ் வந்தது. ஏழு ஜப்பானிய ஸ்டூடியோக்கள், ஒன்பது குறும்படங்கள், பழைய கதையோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. 2023-இல் வந்த இரண்டாம் தொகுதியில் 88 பிக்சர்ஸ் என்ற இந்திய ஸ்டூடியோவும் உண்டு. இஷான் சுக்லா இயக்கிய அந்தப் படத்தில் அண்ணனும் தங்கையும் ரயிலில் தப்பி ஓடி ஒரு தாபாவில் ஒதுங்குவார்கள். ஸ்டார் வார்ஸில் தாபா! இவையெல்லாம் இன்றைய கருவிகளில் செய்தவை.

நல்லா இருக்கே, டி-ஷர்ட் போட்டு வித்தா என்ன?

முடியாது. 2012-லிருந்து லூகாஸ்ஃபிலிம் டிஸ்னியின் சொத்து. கதாபாத்திரம், பெயர் எல்லாமே அவர்களுடையது. காசு வாங்கினால் விளையாட்டு வினையாகிவிடும். யாராவது எங்கள் படத்தை அச்சிட்டு விற்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், அது நாங்கள் இல்லை.

நானும் வரையலாமா?

தாராளமாக. முதலில் மூன்று பழைய படங்களையும் பாருங்கள், கூடுமானவரை 1997 முதல் லூகாஸ் செய்த திருத்தங்கள் இல்லாத பிரதியில். 2004 டிவிடியில் கடைசிக் காட்சி ஆவியாக செபாஸ்டியன் ஷாவை எடுத்துவிட்டு, முன்கதைப் படங்களில் வளர்ந்த அனகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்துவிட்டார்கள், அதைப் பார்த்து அனகினை வரைந்துவிடாதீர்கள்.

ஜெடாய் என்றதும் எல்லோருக்கும் பழுப்பு அங்கி மாட்டாதீர்கள். முதல் படத்தில் ஒபி-வான் அணிந்திருப்பது பாலைவனத்துக்காரர்களின் உடை. ஓவன் போட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஒளிந்து வாழ்கிறவர் தன் சீருடையிலேயா திரிவார்? போர்க்கால ஜெடாய்களுக்கு வேறு ஏதாவது யோசித்து அனுப்புங்கள். நிழலுக்கு ஒரு நிறம், வெளிச்சத்துக்கு ஒரு நிறம், அதற்கு மேல் வேண்டாம். குளோன் கவசத்துக்கு வெள்ளை தவிர எது வேண்டுமானாலும் போடலாம்.